பக்கத்தைப் படமாக்கும் கட்டளைகள்: பிஎஸ்2இபிஎஸ்ஸும் அதன் உறவுக் கருவிகளும்

அச்சுக்கென்று எழுதப்பட்ட ஒரு முழுப் பக்கத்தை, வேறொரு பக்கத்துக்குள் பொருந்தும் படமாக மாற்றித் தரும் கட்டளைவரிக் கருவிகள் பல உள்ளன. அவற்றுள் ஐந்தைக் கடந்த சில மாதங்களாக ஒரே கோப்புத் தொகுதியின்மீது ஓட்டிப் பார்த்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அளவீட்டுக் கருவியோடு வந்த நிரல் எழுதிவைத்த போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகள் ஒரு கோப்புறை நிறைய என்னிடம் இருந்தன. அந்த நிரல் இன்று என் கணினிகள் எதிலும் ஓடுவதில்லை. வரைபடங்களுக்கு அடிப்படையான எண்களும் கிடைக்கவில்லை. மறுபடி வரைய வழியில்லாததால், இருக்கும் கோப்பையே நூலின் பக்கத்தில் ஏற்றியாக வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு கருவியிடமும் நான் முதலில் பார்த்தது வேகத்தையோ வசதியையோ அன்று. மூலத்தில் இருந்த வரைவை அது எவ்வளவு குறைவாகத் தொடுகிறது என்பதைத்தான்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு ஒரு படம் அன்று, ஒரு நிரல். 1984இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட இந்தப் பக்க விவரிப்பு மொழியில், ‘இங்கிருந்து அங்கே கோடு போடு, இந்த எழுத்துருவில் இந்தச் சொல்லை வை, பக்கத்தை வெளியே அனுப்பு’ என்ற வகைக் கட்டளைகள் அடுக்கடுக்காக வரும். தனியாக அச்சாகும் பக்கம் தாளின் அளவைத் தானே தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே இருப்பதை அழிக்கலாம். அச்சுப்பொறியின் தட்டைக்கூட மாற்றச் சொல்லலாம். இன்னொருவரின் பக்கத்துக்குள் வைக்கப்படும்போது இதே உரிமைகள் அந்தப் பக்கத்தையே குலைத்துவிடும். அதனால்தான் இபிஎஸ் (‘என்காப்சுலேட்டட் போஸ்ட்ஸ்கிரிப்ட்’, அதாவது உறையிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட்) என்ற கட்டுப்பாடான வடிவம் உருவானது. 1992இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பு விதிகளே இன்றுவரை அளவுகோல். கோப்பில் ஒரே ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். தாளின் அளவையோ ஆயத்தளத்தையோ தொடக்கநிலைக்குத் திருப்பும் கட்டளைகள் கூடாது. தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைத் தலைப்பகுதியில் அறிவிக்க வேண்டும்.

அந்த இட அறிவிப்பைத்தான் எல்லைப்பெட்டி என்கிறோம். இடது, கீழ், வலது, மேல் என நான்கு எண்கள். அலகு, அங்குலத்தின் 72இல் ஒரு பங்கான புள்ளி. ஒரு ஏ4 தாள் இந்தக் கணக்கில் ஏறத்தாழ 595க்கு 842 புள்ளி. படத்தை ஏற்றும் நிரல் உள்ளே இருக்கும் வரைவை ஆராய்வதில்லை. இந்த நான்கு எண்களை மட்டும் படித்து இடம் ஒதுக்குகிறது. எண்கள் தவறாக இருந்தால், வரைவு எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயன் இல்லை. ஒருமுறை ஓர் ஆய்விதழுக்கு நான் அனுப்பிய படம், பத்தியின் நடுவே தபால்தலை அளவில், சுற்றிலும் பெரும் வெண்பரப்போடு அச்சுப் பார்வைக்கு வந்தது. படம் சரியாகவே இருந்தது. எல்லைப்பெட்டி மட்டும் 0, 0, 595, 842 என்று முழுத்தாளையும் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றுமுதல் எந்தக் கோப்பையும் உரைத்தொகுப்பியில் திறந்து முதல் சில வரிகளைப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில நிரல்கள் தலைப்பகுதியில் எண்களை எழுதாமல், ‘கடைசியில் பார்க்க’ என்ற பொருள்படும் குறிப்பை வைத்துவிட்டு, கோப்பின் இறுதியில் உண்மை எண்களைத் தருகின்றன. வரைந்து முடிக்கும் முன் எல்லை தெரியாத நிரலுக்கு விதி இதை அனுமதிக்கிறது. ஆனால் தலைப்பகுதியை மட்டும் படிக்கும் நிரலுக்கு எண்களே கிடைக்கமாட்டா. என் கோப்புறையில் கணிசமானவை இப்படிப்பட்டவைதாம்.

இனி, முதலில் பேச வேண்டிய கருவி பிஎஸ்2இபிஎஸ். இது பெர்ல் மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறிய நிரல். பிபாக்ஸ் என்ற இன்னும் சிறிய துணைநிரலும் இதனோடு வருகிறது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களில் தனித் தொகுப்பாகவும், டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தரும் டெக் லைவ் நிறுவலின் பகுதியாகவும் கிடைக்கிறது. இது செயல்படும் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலை ஓட்டி வரையும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளைக் கொண்டு பக்கத்தை ஒரு பிக்சல் படமாக வரையச் செய்து, அந்தப் படத்தில் மை பட்ட இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிபாக்ஸ் மூலம் அளக்கிறது. அளந்து முடிந்ததும் அந்தப் பிக்சல் படத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறது. மூலக் கோப்பின் வரைவுக் கட்டளைகளை அப்படியே வைத்துக்கொண்டு, தலைப்பில் சரியான எல்லைப்பெட்டியை எழுதி, முன்னும் பின்னும் சில வரிகளைச் சேர்க்கிறது. பக்கத்தை வெளியே தள்ளும் கட்டளையையும் தாளின் அளவை மாற்றும் கட்டளையையும் செயலற்றவையாக்குவதும், படம் முடிந்ததும் பழைய நிலையை மீட்டுத் தருவதும் அந்த வரிகளின் வேலை.

அதாவது, கோடு கோடாகவே இருக்கிறது, எழுத்துரு எழுத்துருவாகவே இருக்கிறது, நிரல் எழுதியவர் குறிப்பாக விட்டுச்சென்ற வரிகளும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாற்றுவதற்கு முன்பும் பின்பும் உள்ள இரு கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறுபாடுகள் கோப்பின் தலையிலும் வாலிலும் மட்டுமே இருந்தன. மறுபடி வரைய முடியாத ஒன்றைக் கையாளும்போது இந்த அடக்கத்துக்கு ஈடாக வேறெதையும் நான் கருதமாட்டேன்.

பிஎஸ்2இபிஎஸ் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கக்கூடிய தெரிவுகளில் எனக்கு நாள்தோறும் பயன்பட்டவை மிகச் சில. ‘எல்’ என்ற தெரிவு எல்லைப்பெட்டியை நான்கு பக்கமும் ஒரு புள்ளி தளர்த்துகிறது. இயல்பான தெளிவுத்திறன் அங்குலத்துக்கு 144 பிக்சல். ஒரு பிக்சல் அரைப் புள்ளிக்குச் சமம். மெல்லிய அச்சுக்கோடு விளிம்பிலேயே ஓடும் வரைபடங்களில் இறுக்கமான பெட்டி கோட்டின் பாதித் தடிப்பை வெட்டிவிடும் வாய்ப்பு இருப்பதால், இந்தத் தளர்வை நான் எப்போதும் இட்டுக்கொள்கிறேன். மேலும் துல்லியம் வேண்டுமென்றால் தெளிவுத்திறனை உயர்த்திச் சொல்லலாம். நேரம் சற்றுக் கூடும். ‘ஆர்’ என்ற பெரிய எழுத்துத் தெரிவு படத்தைச் சுழற்றுகிறது. தாளில் படுக்கையாக அச்சான வரைபடங்களுக்கு இது இன்றியமையாதது. ‘பி’ என்ற பெரிய எழுத்துத் தெரிவு, கோப்பில் ஏற்கெனவே உள்ள எல்லைப்பெட்டியை நம்பாமல் புதிதாக அளக்கச் சொல்கிறது. பழைய பெட்டி படத்தைவிடச் சிறியதாக இருந்தால், இந்தத் தெரிவு இல்லாமல் வெளியே விழும் பகுதி அளவிலேயே வராது. இதனால் ஒரு வரைபடத்தின் தலைப்பு காணாமற்போனதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, வெண்மை. வெள்ளைத் தாளின்மீது வரைந்து மை பட்ட இடத்தைத் தேடும் எந்த முறைக்கும் வெள்ளை நிறத்தில் வரைந்தது தெரியாது. ஒரு குழுப்படத்தில் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் நிற்க வேண்டும் என்பதற்காகச் சுற்றிலும் வெள்ளைச் சட்டம் வரைந்திருந்தால், அந்தச் சட்டம் வெட்டப்பட்டு, பகுதிகள் ஒன்றுக்கொன்று சற்றே அளவு மாறி நிற்கும். கோஸ்ட்ஸ்கிரிப்டின் சொந்த எல்லை அளவீட்டுச் சாதனமும் இயல்பாக வெண்மையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அதனிடம் ‘வெண்மையும் மையே’ என்று ஒரு சிறு போஸ்ட்ஸ்கிரிப்ட் துணுக்கின் மூலம் சொல்லிவிட முடியும். இரண்டாவது, பெரிய தாள். இயல்புத் தாளைவிடப் பெரிய படத்துக்கு அளவை நாமே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அளப்பது தாளுக்குள் விழும் பகுதியை மட்டும்தான். மூன்றாவது, பல பக்கங்கள். இபிஎஸ் ஒரு பக்கத்துக்கானது என்பதால், பிஎஸ்செலக்ட் என்ற வேறொரு கருவியால் வேண்டிய பக்கத்தை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. பக்க எல்லைகளைக் குறிக்கும் குறிப்பு வரிகள் மூலக் கோப்பில் முறையாக இருந்தால்தான் அதுவும் நடக்கும்.

கோஸ்ட்ஸ்கிரிப்ட் 1988முதல் வளர்ந்துவரும் போஸ்ட்ஸ்கிரிப்ட் விளக்கி. இங்கே பேசப்படும் கருவிகளில் பலவற்றுக்கு அடித்தளம் அதுதான். அதற்குள்ளேயே இபிஎஸ்2ரைட் என்ற வெளியீட்டுச் சாதனம் இருக்கிறது. சாதனத்தின் பெயர், வெளியீட்டுக் கோப்பின் பெயர், உள்ளீட்டுக் கோப்பு என்று மூன்றையும் சொன்னால் போதும். இறுக்கமான எல்லைப்பெட்டியோடு இபிஎஸ் கிடைத்துவிடுகிறது. வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப் இரண்டையும் உள்ளீடாக ஏற்கிறது. ஒழுங்கற்ற, விதி மீறிய மூலக் கோப்புகள் சிலவற்றை பிஎஸ்2இபிஎஸ் சரிசெய்ய முடியாமல் விட்டபோது, இபிஎஸ்2ரைட் அவற்றைத் தடையின்றி மாற்றித் தந்தது. இந்த வலிமைக்குக் காரணம், அது மூலத்தை வைத்துக்கொள்ளாமல் முழுவதும் ஓட்டிப் பார்த்து, விளைந்த வரைவை முதலிலிருந்து தானே எழுதுவதுதான்.

அதற்கான விலையும் அங்கேயே இருக்கிறது. வெளியீட்டைத் திறந்தால், நீண்ட முன்னுரைப் பகுதியும் அதன்பின் சுருக்கப்பட்ட தரவுமே தெரிகின்றன. நான்கு கோடுகளும் ஒரு சொல்லும் உள்ள சிறு படம்கூட அந்த முன்னுரையைச் சுமந்துகொண்டே வருகிறது. மூலத்தில் கைப்பட எழுதியிருந்த குறிப்புகள் எதுவும் மிஞ்சுவதில்லை. நிறத்தின் பெயரையோ கோட்டின் தடிப்பையோ உரைத்தொகுப்பியில் தேடித் திருத்துவது என் வேலையில் அடிக்கடி வருவது. இந்த வெளியீட்டில் அது நடவாத காரியம். படத்துக்குள் புகைப்படமோ திரைப்பிடிப்போ இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். இந்த வகைச் சாதனங்கள் தொடர்நிறப் படங்களை இயல்பாகவே ஜேபெக் முறையில் சுருக்கக்கூடியவை. எழுத்தின் ஓரங்களில் மங்கல் படியும். தானியங்கித் தேர்வை நிறுத்திவிட்டு, இழப்பில்லாச் சுருக்கத்தை நாமே குறிப்பிட்டுவிட வேண்டும்.

திசை பற்றியும் ஒன்று. இபிஎஸ்ஸிலிருந்து பிடிஎஃப் செய்யும்போது, கோஸ்ட்ஸ்கிரிப்டின் பிடிஎஃப் சாதனம் எழுத்து ஓடும் திசையைப் பார்த்துப் பக்கத்தைச் சுழற்றும் பழக்கம் உடையது. செங்குத்து அச்சில் நீண்ட தலைப்புள்ள வரைபடம் இதனால் திடீரென்று படுத்துவிடும். தானாகச் சுழற்றுவதை நிறுத்தும் தெரிவும், தாள் முழுவதையும் எடுக்காமல் எல்லைப்பெட்டியோடு வெட்டச் சொல்லும் தெரிவும் இந்தப் பாதையில் எனக்குக் கட்டாயத் துணைகள்.

பிஎஸ்2இபிஎஸ்ஐ என்ற பழைய கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயரின் இறுதியில் நிற்கும் ‘ஐ’ அதன் நோக்கத்தைச் சொல்கிறது: போஸ்ட்ஸ்கிரிப்டை வரையத் தெரியாத மென்பொருளும் காட்டுவதற்காக, கோப்புக்குள் ஒரு கறுப்பு வெள்ளை முன்காட்சிப் படத்தைப் பதினறும எண்களாகக் குறிப்பு வரிகளில் சேர்த்துவைக்கிறது. இன்றைய தேவைகளில் அந்த முன்காட்சி கோப்பைப் பருக்க வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளின், வடிவம் மாற்றும் ‘கன்வெர்ட்’ கட்டளையை இந்த வேலைக்குப் பயன்படுத்துவோரும் உண்டு. அது பக்கத்தைப் பிக்சலாக்கி, அந்தப் பிக்சல்களை இபிஎஸ் உறைக்குள் இட்டுத் தருகிறது. கோடு கோடாக இருக்க வேண்டும் என்பவர் அந்தப் பக்கமே போகக்கூடாது.

மூலம் பிடிஎஃப்பாக இருக்கும்போது நான் பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்புக்கே முதலில் போகிறேன். அதில் இரண்டு கட்டளைகள் உள்ளன. பிடிஎஃப்டுபிஎஸ் என்பது, பாப்ளருக்கு முன்னோடியான எக்ஸ்பிடிஎஃப் நிரலின் காலத்திலிருந்து வருவது. இபிஎஸ் தெரிவோடு, தொடக்கப் பக்கம், இறுதிப் பக்கம் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து ஓட்டினால் அந்தப் பக்கம் இபிஎஸ்ஸாகக் கிடைக்கும். ஆனால் எல்லைப்பெட்டியை மை பட்ட இடத்திலிருந்து அது அளப்பதில்லை, பிடிஎஃப் பக்கத்தின் வெட்டுச்சட்டத்தையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதலில் பிடிஎஃப்கிராப் போன்ற ஒன்றால் பக்கத்தைப் படத்தின் அளவுக்கு வெட்டிவிட்டு, பின்பு மாற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் தபால்தலைக் கதை திரும்ப நடக்கும். மற்றொரு கட்டளை பிடிஎஃப்டுகெய்ரோ. கெய்ரோ வரைகலை நூலகத்தின் வழியாக அதே வேலையைச் செய்கிறது.

இவ்விரண்டின் உண்மையான வேறுபாடு ஒளிபுகு நிறங்களில்தான் தெரிகிறது. 2001இல் வந்த பிடிஎஃப் 1.4 ஒளிபுகு தன்மையை ஏற்றுக்கொண்டது. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் அதற்கு இடமே இல்லை. இன்றைய வரைபட நிரல்கள், ஒரு வளைகோட்டைச் சுற்றி அதன் நம்பக இடைவெளியை வெளிர்நிறப் பட்டையாக வரையும்போது பெரும்பாலும் ஒளிபுகு நிறத்தையே பயன்படுத்துகின்றன. அந்த ஒரு பட்டைக்காக பிடிஎஃப்டுபிஎஸ் பக்கம் முழுவதையும், நாம் வேறு எண் சொல்லாவிட்டால் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில், பிக்சல் படமாக்கிவிடுகிறது. அச்சுக்கோடுகள், எண்கள், தலைப்பு எல்லாம் அதில் சேர்ந்துபோகின்றன. பிடிஎஃப்டுகெய்ரோ அந்தப் பட்டை விழும் பகுதியை மட்டும் பிக்சலாக்கி, மற்றவற்றைக் கோடாகவும் எழுத்தாகவும் விட முயல்கிறது. கோஸ்ட்ஸ்கிரிப்டின் இபிஎஸ்2ரைட் இந்த இடத்தில் பிடிஎஃப்டுபிஎஸ்ஸின் வழியைத்தான் பின்பற்றுகிறது. எனவே ஒளிபுகு நிறம் உள்ள பிடிஎஃப் என்றால் என் முடிவு தயக்கமின்றி பிடிஎஃப்டுகெய்ரோ. மூல நிரல் கையில் இருப்பவர், பட்டையின் நிறத்தை ஒளிபுகாத வெளிர்நிறமாக மாற்றி வரைந்துகொண்டால் இந்தக் கேள்வியே எழாது. அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

வெளியீடு பிக்சலாகிவிட்டதா என்று அறிய நான் செய்வது எளிது. படத்தை இயன்றவரை பெரிதாக்கி ஓர் எழுத்தின் வளைவைப் பார்க்கிறேன். படிக்கட்டு தெரிந்தால் அது பிக்சல். கோப்பின் அளவு திடீரென்று பல மடங்கு ஏறியிருந்தாலும் அதுவே முதல் அறிகுறி.

தமிழ் எழுத்துகள் உள்ள படங்களையும் இந்தப் பாதையில் கொண்டுபோயிருக்கிறேன். கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்குமா என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது, அது தேவையில்லை. எழுத்து வடிவங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் வேலையை, படத்தை முதலில் வரைந்த நிரல் முடித்துவிடுகிறது. போஸ்ட்ஸ்கிரிப்டிலும் பிடிஎஃப்பிலும் இருப்பது எந்த வடிவம் எந்த இடத்தில் என்ற கட்டளை மட்டுமே. மூலத்தில் ‘கொ’ சரியாக நின்றால் இபிஎஸ்ஸிலும் சரியாகவே நிற்கும். மூலத்தில் குலைந்திருந்தால் எந்த மாற்றியும் அதைச் சீராக்காது. எழுத்துரு கோப்புக்குள் பொதிந்திருக்கிறதா என்பதை மட்டும் மாற்றும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். பிடிஎஃப்புக்கு, பாப்ளரிலேயே எழுத்துருக்களைப் பட்டியலிடும் கட்டளை இருக்கிறது.

படத்தைக் கடைசியில் எங்கே வைக்கப்போகிறோம் என்பதையும் மாற்றுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். டெக்கின்மீது அமைந்த லாடெக்கைப் பழைய முறையில், போஸ்ட்ஸ்கிரிப்டை வெளியிடும் டிவிப்ஸ் வழியாக ஓட்டுபவருக்கு இபிஎஸ்ஸே இயல்பான வடிவம். நேரடியாக பிடிஎஃப் தரும் பிடிஎஃப்லாடெக்கைப் பயன்படுத்துபவருக்கு பிடிஎஃப் படமே நேர்வழி. 2010முதல் டெக் லைவ் நிறுவலில், இபிஎஸ் படத்தைக் கொடுத்தாலும் பின்னணியில் பிடிஎஃப்பாக்கிக்கொள்ளும் ஏற்பாடு இயல்பாகவே இயங்குகிறது. அலுவலக மென்பொருள்களில் நிலைமை வேறு: மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2018இல் இபிஎஸ் படங்களைச் செருகும் வசதியைப் பாதுகாப்புக் காரணத்தால் நிறுத்திவிட்டது. 2022இல் வந்த மேக் இயங்குதளமான வென்ச்சுராவின் ‘பிரிவியூ’ என்ற பார்வை நிரல், போஸ்ட்ஸ்கிரிப்டையும் இபிஎஸ்ஸையும் திறப்பதை விட்டுவிட்டது. இணையப் பக்கத்துக்கோ, கோடுகளைக் கோடுகளாகவே வைக்கும் எஸ்விஜி என்ற பட வடிவம்தான் உரியது. அதற்கும் பிடிஎஃப்டுகெய்ரோவே உதவுகிறது; இபிஎஸ் என்ற தெரிவுக்குப் பதில் எஸ்விஜி என்ற தெரிவைக் கொடுத்தால் போதும். எஸ்விஜிக்கு ஒளிபுகு நிறம் தெரியும் என்பதால் மேலே சொன்ன பட்டைச் சிக்கல் அங்கே இல்லை.

அந்தப் பாதுகாப்புக் காரணம் கட்டளைவரியிலும் பொருந்தும். போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரல்மொழி என்பதால், முன்பின் அறியாதவரிடமிருந்து வந்த கோப்பை ஓட்டுவது அவர் எழுதிய நிரலை ஓட்டுவதாகும். கோஸ்ட்ஸ்கிரிப்டின் 9.50 பதிப்பிலிருந்து கோப்புகளை எழுதவும் அழிக்கவும் விடாத பாதுகாப்பு நிலை இயல்பாகவே இயங்குகிறது. அதற்கு முந்தைய பதிப்பு உள்ள கணினியில் அந்தத் தெரிவை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018இல் வெளிப்பட்ட ஓட்டைகளுக்குப் பின் சில லினக்ஸ் வழங்கல்களில் இமேஜ்மேஜிக் போஸ்ட்ஸ்கிரிப்டைத் தொட மறுப்பதும் இதனால்தான். அங்கே தடையை நீக்கும் குறுக்குவழியைத் தேடாமல், இங்கே சொன்ன கருவிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் கோப்புறையின் படங்களில் பெரும்பகுதியை பிஎஸ்2இபிஎஸ்ஸே முடித்துத் தந்தது. கோப்புறை முழுவதையும் ஒரு சுழல் கட்டளையில் ஓட்டினேன். ஏற்கெனவே உள்ள இபிஎஸ் கோப்பின்மீது அது கேட்காமல் எழுதுவதில்லை என்பதால், கைப்பட எல்லையைத் திருத்தி வைத்திருந்தவை அழியாமல் தப்பின. அது கைவிட்ட சிலவற்றை இபிஎஸ்2ரைட்டுக்கு அனுப்பினேன். அப்படியும் ஒரே ஒரு வரைபடம் சரியாக வரவில்லை: அதன் ஓரத்தில், வரைவுக்கு வெகு தொலைவில், ஒரு முற்றுப்புள்ளி அளவு மைத்துளி இருந்தது. எல்லா அளவீடும் அந்தத் துளியையும் சேர்த்தே பெட்டி போட்டன. கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்து, அந்த நான்கு எண்களில் வலப்பக்க எண்ணைக் குறைத்து எழுதிச் சேமித்தேன். படம் நூலின் பக்கத்தில் உரிய அளவில் அமர்ந்தது.